காலிக் கட்டில்

அறைக்கு வெளியே ஒரு காலிக் கட்டில்
நிறுத்தி வைக்கச் சொன்னேன்.
"யாருக்கு டாக்டர்?" என்றார் மிஸி சாலினா.
குப்புறக் கிடப்பவரின் இதயம் நின்றால்
முதுகு திறந்தது திறந்தபடி
மல்லாத்திப் போட ஓர் இடம் வேண்டும்.
அதைச் சொல்லவில்லை.
சக்கரத்தின் பிரேக்கை மட்டும் சரிபார்த்தேன்.

ராக்கப்பன், ஐம்பத்திரண்டு வயது.
சுங்கை பட்டாணிக்கு வெளியே, மூன்றாம் டிவிஷனில்
செம்பனைக் குலைகளை லோரிக்கு ஏற்றுகிறவர்.
இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்கிறது என்றார் முதலில்.
பிறகு, எறும்பும் போய்விட்டது என்றார்.
படத்தில், தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டு
நுங்குச் சுளைகளாய் நீர்க்கட்டிகள்,
ஒன்றுக்குள் ஒன்று
குட்டி போட்டு.

இந்த ஊரில் இதை நான் பார்த்ததில்லை.
புத்தகத்தில் இருக்கிறது: ஆடு, நாய், மனிதன்.
தீபாவளிக்கு விற்க ஆடு வளர்த்தீர்களா என்றேன்.
வளர்த்தார்.
அறுத்த ஈரலில் கட்டி இருந்தால்
நாய்க்கு எறிந்தார்.
நாய் அவர் கையை நக்கியது.
அந்தக் கையால் பசியாறினார்.
பத்து வருடம்.

முந்திய இரவு கையெழுத்து வாங்கப் போனேன்.
கட்டி உடைந்து அதன் நீர் இரத்தத்தில் கலந்தால்
உடம்பு தன் வீட்டையே கொளுத்திக்கொள்ளும்,
மயக்கத்திலேயே போய்விடலாம் என்றேன்.
கேட்டுக்கொண்டார். அவர் கவலை வேறு.
"நாயாலதான்னு எழுதிடாதீங்கம்மா.
முனிசிபல்காரன் வந்து சுட்டுருவான்."
பெயர் கேட்டேன். மேனேஜர்.
"எங்க வேல நடந்தாலும் வந்து பாக்கும்,
ஒண்ணும் செய்யாமப் போயிரும்."

காலை எட்டேகால்.
நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன்.
அவர் ஒன்றிலிருந்து எண்ணினார்,
குலை எண்ணும் ராகத்தில்.
ஆறில் நின்றது.
கம்பிச்சுருள் ஓடும் குழாயைத் தொண்டையில் இறக்கினேன்.
மணிக்கட்டுத் தமனியில் ஊசி.
இமைகளை மூடி ஒட்டினேன்.
ஆறு பேர் சேர்ந்து கவிழ்த்தோம்,
ஒரு நாளாவது அவரை யாராவது
தூக்கி இறக்க வேண்டுமே என்பது போல.
நீர்த்த அட்ரினலின், பத்து ஊசிகள்,
பெயர் எழுதி, என் வலது கைப்பக்கம்.

பச்சைத் துணி மூடிய பிறகு
மனிதன் தெரிவதில்லை.
தோல் சிவந்து தடித்தாலும் தெரியாது.
எனக்குக் கிடைப்பவை நாலு கோடுகள்.
உப்புநீரில் நனைத்த துணிகளை
டாக்டர் ஹஃபீஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கினார்,
மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு.

பதினொன்று நாற்பது.
"போச்சோர்," என்றார், மெதுவாக.
அவர் சொல்லுமுன்பே
மூச்சுக்காற்றின் கோடு சரிந்திருந்தது.
என் கையில் பை கல்லாய் இறுகியது.
எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
முதல் ஊசி. இரண்டாவது.
யாரோ கதவைத் திறந்தார்கள்.
கட்டிலின் ஒரு சக்கரம் தெரிந்தது.
மூன்றாவது.
அப்போது நான் நினைத்தது
கடவுளையோ கணக்கையோ அல்ல;
வேலை நடக்கும் இடத்துக்கு வந்து
பார்த்துவிட்டுப் போகிற ஒரு நாயை.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
அறுபத்து மூன்று.

கட்டில் வீணாகவில்லை.
மாலையில் அதில்தான் அவரை
ஐசியுவுக்குத் தள்ளிப்போனோம்.

மறுநாள் குழாயை எடுத்தபோது
இடது கட்டைவிரல் அசைந்தது.
வலது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
கரகரத்த குரலில்,
"எழுதிட்டீங்களா?"
எழுதியிருந்தேன்.
பாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
முனிசிபலுக்கு இல்லை, கால்நடை இலாகாவுக்கு என்றேன்.
அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கும்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவி காசியம்மா வாசலில் நின்றிருந்தார்.
இலாகா கொடுத்த மாத்திரைகளை நீட்டினேன்:
மேனேஜருக்கு, மாதம் ஒன்று,
சார்டினில் பிசைந்து.
ஈரல் வேண்டாம், இனி எப்போதும்.
உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.
"துப்பிரும் டாக்டர்.
நான் வாயப் பிடிச்சிக்கிறேன்.
என்னக் கடிக்காது."